கூரையைப் பிரிக்கலாமா? செட்டிநாட்டுச் சாயங்கால இடிமழைக்கு எதை நம்புவது

ஐப்பசி மழைக்கு முன்னால் நாட்டு ஓடு மாற்றியாக வேண்டும், தளம் போட்டாக வேண்டும். அதனால் செட்டிநாட்டில் வீட்டு வேலையெல்லாம் ஆனி, ஆடி, ஆவணியில்தான் மும்முரம். சாயங்கால இடிமழைக்கும் அதே மாதங்கள்தான். காலை எட்டு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். கொத்தனார் மேலே ஏறிவிட்டு, "பிரிக்கட்டுமா?" என்று கேட்பார். கைபேசியில் ஒரு செயலி 20 சதவீதம் என்கிறது, இன்னொன்று 70 என்கிறது. வானிலை மையம் மாவட்டம் முழுக்க மஞ்சள் எச்சரிக்கை பூசியிருக்கிறது. ரேடார் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

"இதில் எது சரி?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நான்குமே சரியாக இருக்கலாம், ஏனென்றால் நான்கும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. எந்த மணிக்கு எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

## இந்த மழை வருகிற வழி

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வறண்ட மேல்காற்றாக, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்றாக, நம் பக்கம் இறங்குகிறது. கேரளத்தில் மழை பிய்த்து உதறும் நாட்களில் இங்கே ஆடிக்காற்றும் புழுதியும்தான். அங்கே மழை ஓய்ந்து மேல்காற்று தளரும் நாட்களில்தான் நமக்கு வாய்ப்பு. பகலில் தரை காய்கிறது. காரைக்குடியிலிருந்து தொண்டிக் கடல் நேர்கோட்டில் சுமார் 45 கி.மீ.தான், அங்கிருந்து கடற்காற்று மெல்ல உள்ளே நகர்ந்து சாயங்காலம் வந்து சேர்கிறது. அதுவும் மேல்காற்றும் முட்டிக்கொள்ளும் கோட்டில் காற்று மேலே எழும்பி இடிமேகம் கட்டுகிறது. நத்தம், பிரான்மலைப் பக்கத்து மலைகளிலும் மேகம் தனியாக எழும்பும். கட்டிய மேகம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகரும்: சிங்கம்புணரி, திருப்பத்தூர், குன்றக்குடி, காரைக்குடி.

ஒரு மேகத்தின் மழை விழும் அகலம் ஐந்து முதல் பத்து கி.மீ. பள்ளத்தூரில் கொட்டும்போது தேவகோட்டையில் வெயில் அடிப்பது இதனால்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

எத்தனை மணி நேரம் முன்னால் சொல்கிறது, எவ்வளவு சிறிய இடத்துக்குச் சொல்கிறது என்ற இரண்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். பலரும் கோட்டைவிடுவது மூன்றாவதை: தவறினால் எந்தப் பக்கம் தவறும்? வரும் என்று சொல்லி வராமல் போனால் ஒரு நாள் கூலி நட்டம். வராது என்று சொல்லி வந்துவிட்டால் தேக்கு மச்சு நனையும், சுண்ணாம்புச் சாந்து ஊறும், காயப்போட்ட கடலை முளைக்கும். இரண்டும் ஒரே எடை இல்லை. நான்காவது, அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டுமா என்பது. ஐந்தாவது, காற்றையும் மின்னலையும் சொல்கிறதா என்பது. பந்தலைச் சாய்ப்பது மழை இல்லை, அதற்கு முன் வரும் காற்று.

## செயலிகளின் கணினிக் கணிப்பு

விண்டி போன்ற செயலிகளில் தெரிவது உலகளாவிய கணினி மாதிரிகளின் கணக்கு, பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடுவது. ஐரோப்பிய மாதிரியின் கட்டம் சுமார் 9 கி.மீ., அமெரிக்க ஜி.எஃப்.எஸ். சுமார் 13 கி.மீ. 2025 மே மாதம் இந்தியா அறிமுகப்படுத்திய பாரத் முன்னறிவிப்பு அமைப்பின் கட்டம் 6 கி.மீ. ஐந்து கி.மீ. அகலமுள்ள மேகத்தை 9 கி.மீ. கட்டத்தில் பிடிக்க முடியாது. ஆகவே இந்த நிலைமையில் மழை பெய்யக்கூடும் என்று மாதிரி ஒரு சராசரியைத்தான் போடுகிறது. "மாலை 4 மணி, 1.2 மி.மீ." என்று செயலி காட்டினால் உங்கள் வீட்டில் 1.2 மி.மீ. பெய்யும் என்று பொருள் இல்லை. அந்தக் கட்டத்தில் எங்கோ 20 மி.மீ. கொட்டலாம், மற்ற இடம் காய்ந்து கிடக்கலாம்.

நேரத்திலும் ஒரு வழக்கமான பிசகு உண்டு. இப்படிச் சராசரி போடும் மாதிரிகள் இடிமழையைச் சீக்கிரமே தொடங்கிவிடும், உச்சிப்பொழுதுக்கே மழை காட்டும். நம் மழையோ சாயங்காலத்துக்கு மேல், சில நாள் இரவு பத்துக்கு. மதியம் மூன்று மணி வரை வானம் தெளிவாக இருப்பதைப் பார்த்து "செயலி பொய், பிரி" என்று சொல்லிவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

பிறகு இதை எதற்குப் பார்ப்பது? காற்றுக்கு. மழைப் படத்தை மூடிவிட்டு, தரையிலிருந்து ஒன்றரை கி.மீ. உயரத்தில், அதாவது 850 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில், நாளை மதியம் காற்று எப்படி என்று பாருங்கள். மேற்கிலிருந்து மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் என்றால் மழை வாய்ப்பு சொற்பம். 20க்குக் கீழே தளர்ந்து, தரைக்காற்று பிற்பகலில் தென்கிழக்குக்குத் திரும்புவதாகவும் காட்டினால் அது இடிமழை நாள். இந்த எல்லைகள் கைக்கணக்குதான், ஆனாலும் மழை சதவீதத்தைவிட இது உருப்படியான தகவல். காற்றை மாதிரிகள் நன்றாகவே கணிக்கின்றன. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே ஆள் சொல்லி வைக்க இது ஒன்றுதான் வழி.

## வானிலை மையத்தின் எச்சரிக்கை

மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை. "ஒருசில இடங்களில்" என்றால் 26 முதல் 50 சதவீதம். "பெரும்பாலான இடங்களில்" என்றால் 76க்கு மேல். "லேசான மழை" 15.5 மி.மீ. வரை, "மிதமான" 64.4 வரை. "ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை" என்று கேட்டுவிட்டு வீட்டில் துளி விழாவிட்டால் அறிக்கை பொய்த்துவிடவில்லை. உங்கள் தெருவுக்கான வாய்ப்பு நான்கில் ஒன்றைத் தாண்டாது என்று அது முன்கூட்டியே சொல்லிவிட்டது.

மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கை வேறு ரகம். ரேடாரையும் செயற்கைக்கோளையும் பார்த்து ஆளே உட்கார்ந்து எழுதுவது. எதிர்பார்க்கும் காற்று வேகமும் அதில் வருவதால் பந்தல்காரர்களுக்கு அதுவே முக்கியம். மணிக்கு 40 கி.மீ.க்குள் என்றால் துணிப் பந்தல் தாங்கும், 60ஐத் தொடும் என்றால் பக்கத் துணியை அவிழ்த்துவிட வேண்டும். காற்று புகுந்து போக வழி இருந்தால்தான் பந்தல்கால் நிற்கும்.

மறைந்த செலவு அலுப்பு. எச்சரிக்கை மாவட்ட அளவில் வருவதால், மானாமதுரையில் கட்டிய மேகத்துக்காகச் சிவகங்கை மாவட்டம் முழுக்க மஞ்சளாகிறது. பத்து மஞ்சளில் எட்டு உங்கள் ஊருக்கு வராது. பதினொன்றாவதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். இன்னொன்று: கானாடுகாத்தான், காரைக்குடியெல்லாம் சிவகங்கை, அரிமளம், ராயவரம் புதுக்கோட்டை. எல்லை ஓரத்தில் இருப்பவர்கள் இரண்டு மாவட்டத்தையும் பார்க்க வேண்டும். மேகத்துக்குத் தாலுகா தெரியாது.

## காரைக்கால் ரேடார்

அன்றைய மதியத்துக்குப் பிறகு இதற்கு இணை எதுவும் இல்லை. ஆனால் இதன் குருட்டு இடங்கள் தெரியாமல் பார்ப்பவர்களுக்கு இதைப்போல ஏமாற்றுவதும் எதுவும் இல்லை.

காரைக்காலிலிருந்து காரைக்குடி சுமார் 150 கி.மீ. ரேடார் கற்றை அரை டிகிரி சாய்வில் கிளம்பி, பூமியின் வளைவும் சேர்ந்து, நம் தலைக்கு மேல் வரும்போது ஏறத்தாழ 2.6 கி.மீ. உயரத்தில் இருக்கும். அதற்குள் கற்றையும் அதே அளவுக்கு அகன்றுவிடும். கற்றையின் அடி விளிம்புக்குக் கீழே நடப்பது அதன் கண்ணில் படாது. இதனால் மூன்று கோளாறு.

ஒன்று, படத்தில் மழை, தரையில் துளி இல்லை. வறண்ட மேல்காற்றில் துளிகள் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். இரண்டு, ரேடார் மேகத்தைக் காட்டத் தாமதிக்கும். மேகம் உயரமாக வளர்ந்த பிறகுதான் படத்தில் வரும்.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. ஒரு மேகம் கொட்டி ஓயும்போது குளிர்ந்த காற்று தரையோடு விசிறிபோல் பரவும். திருப்பத்தூரில் மேகம் செத்துவிட்டது என்று படம் காட்டும். நிம்மதியாக மறுபடி ஓட்டைப் பிரிக்கத் தொடங்குவார்கள். அந்தக் குளிர்காற்று கண்ணுக்குத் தெரியாமல் கிழக்கே ஓடி, காரைக்குடிப் பக்கம் கடற்காற்றோடு மோதி, அரை மணி நேரத்தில் புது மேகத்தைத் தலைக்கு மேலேயே கட்டிவிடும். ஆகவே மேற்கே மேகம் கரைந்தால் உடனே நம்பாதீர்கள். மேற்கிலிருந்து திடீரென்று சில்லென்ற காற்றும் மண்வாசனையும் வந்தால் தார்ப்பாயை இழுங்கள். அடுத்த முக்கால் மணி நேரம் புது மேகம் கட்டவில்லை என்று பார்த்த பிறகு வேலையைத் தொடரலாம்.

படத்தைப் படிப்பது இப்படி. முதலில் நேரம். படத்தில் உள்ளது யூ.டி.சி., அதாவது உலகப் பொது நேரம், என்றால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். பழைய படமே நின்றுகொண்டிருந்தால் ரேடார் பழுதில் இருக்கலாம். வெற்றுப் படத்தை வெறும் வானம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்து வண்ணத்துக்குரிய எண். ரேடார் எதிரொலியின் பலத்தை அளக்கும் அலகு டி.பி.இசட். 30 டி.பி.இசட். என்றால் தூறல் போன்ற மழை, மணிக்கு மூன்று மி.மீ. அளவு. 40 என்றால் 12 மி.மீ. அளவு. 50 என்றால் மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் கொட்டல். 40ஐத் தாண்டிய மேகத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். பிறகு அரை மணி இடைவெளியில் இரண்டு படத்தை வைத்து, மேகத்தின் கிழக்கு ஓரம் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். மணிக்கு 25 கி.மீ. என்றால் நத்தத்தில் இருப்பது காரைக்குடிக்கு வர இரண்டரை மணி நேரம், சிங்கம்புணரியில் இருப்பது ஒன்றரை மணிக்குச் சற்று அதிகம், திருப்பத்தூரில் இருப்பது முக்கால் மணி. நத்தத்தில் பார்த்து முடிவெடுப்பவருக்குச் சாப்பிடவும் நேரம் இருக்கும். திருப்பத்தூரில் பார்த்து முடிவெடுப்பவர் ஓட வேண்டும்.

இதன் செலவு ஆள். மதியம் இரண்டு முதல் இருட்டும் வரை இருபது நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். கூரை மேல் நிற்கும் கொத்தனாரால் முடியாது. கீழே ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் ரேடார் இருந்தும் இல்லாத கணக்குதான்.

## செயற்கைக்கோள் படம்

இன்சாட்-3டிஆர், 2024இல் ஏவிய இன்சாட்-3டிஎஸ் இரண்டின் படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. வெள்ளையாகத் தெரிவது மேகத்தின் உச்சி. மழை எங்கே விழுகிறது என்பது அதில் தெரியாது.

ஒரு நுணுக்கம் மட்டும் இங்கே பயன்படும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தரைப்பக்கம் மேற்கிலிருந்து காற்று, ஆனால் 14, 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று. இடிமேகத்தின் தலை அதனால் மேற்கே இழுபடும். படத்தில் கிழக்கு ஓரம் வெட்டியதுபோல் கூர்மையாகவும் மேற்கு ஓரம் பிசிறாகவும் தெரிந்தால், கொட்டும் மேகம் அந்தக் கூர்மையான கிழக்கு ஓரத்தை ஒட்டியே இருக்கிறது. மேற்கிலிருந்து நம்மை நோக்கி வரும் மேகம் முன்கூட்டியே முக்காடு போடாமல், வெயில் அடிக்கும்போதே திடீரென்று நெருங்குவதும் இதனால்தான். மாறாக, திருவாடானைப் பக்கம் கொட்டும் மேகத்தின் தலை நம்மேல் பரவி வானத்தை மூடும், துளி விழாது. ரேடார் பழுதான நாளில் மட்டும் இதை நாடுங்கள்.

## மின்னல் செயலி

புனேவின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் வெளியிட்ட தாமினி, உங்களைச் சுற்றி 20, 40 கி.மீ. வட்டத்துக்குள் கடந்த சில நிமிடங்களில் விழுந்த மின்னல்களைக் காட்டும். மழைக்கு இதை நம்பிப் பயனில்லை, முதல் மின்னல் உங்கள் தலைக்கு மேலேயே பிறக்கலாம். உயிருக்கு இதுதான் முதல். கூரையில், களத்தில், கண்மாய்க் கரையில் ஆள் நிற்கும் எந்த வேலைக்கும் இது கட்டாயம். சிக்னல் இல்லாத இடத்தில் எண்ணுங்கள்: மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான நொடிகளை மூன்றால் வகுத்தால் கி.மீ. முப்பது நொடிக்குள் இடி கேட்டால் கீழே இறங்கிவிட வேண்டும், கடைசி இடியிலிருந்து அரை மணி கழித்துத்தான் மறுபடி ஏறலாம்.

## வாசலில் ஒரு ஈரப்பதமானி

செலவு குறைவு, மதிப்பு அதிகம். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்னக் கருவியை வடக்குப் பார்த்த நிழலில், சுவரை ஒட்டாமல் தொங்கவிடுங்கள். வெயில் படும் முகப்பில் வைத்தால் ஐந்தாறு டிகிரி பொய் சொல்லும்.

பார்க்க வேண்டியது ஈரப்பத சதவீதத்தை அல்ல, பனிநிலையை, அதாவது காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் பனி கட்டுமோ அதை. சதவீதம் வெப்பம் மாறினாலே மாறும், பனிநிலை காற்றில் உண்மையில் உள்ள ஈரத்தைச் சொல்லும். மூன்று மணிக்கு 37 டிகிரி, 38 சதவீதம் என்றால் பனிநிலை 20 அளவு: மேல்காற்றுதான் ஆள்கிறது. ஐந்து மணிக்கு 34 டிகிரி, 55 சதவீதம் என்றால் பனிநிலை 24ஐ நெருங்கிவிட்டது: கடற்காற்று வந்து சேர்ந்தாயிற்று. முற்றத்துக் கொடியில் துணி ஆடும் திசையும் மாறியிருக்கும். அதே நேரம் மேற்கே மேகம் காலிஃபிளவர்போல் கூர்மையான விளிம்போடு எழும்பினால் இரண்டு மணி நேரத்துக்குள் இடியை எதிர்பார்க்கலாம். விளிம்பு பஞ்சுபோல் பிசிறிக் கரைந்துகொண்டே இருந்தால் மேலே காற்று வறட்சி, மேகம் கட்டாது.

பனிநிலைக்குப் பாலைவனத்து ஊர்களில் வைத்த அளவுகோலை இங்கே அப்படியே எடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் அரிசோனாவில், பீனிக்ஸ் நகரில், சராசரிப் பனிநிலை தொடர்ந்து மூன்று நாள் 55 ஃபாரன்ஹீட்டிலோ அதற்கு மேலோ நின்றால் பருவமழை தொடங்கியது என்று கணக்கு வைத்திருந்தார்கள். 2008 முதல் அதை விட்டுவிட்டு ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று தேதியே குறித்துவிட்டார்கள். 55 ஃபாரன்ஹீட் என்பது 12.8 செல்சியஸ். நம் ஆடிக்காற்று நாளிலேயே பனிநிலை அதைவிட மேலே. ஈரம் இங்கே எப்போதும் கொஞ்சம் உண்டு. அதை மேலே தூக்கிவிடும் மோதல்தான் நாளுக்கு நாள் மாறுகிறது.

## ஒரே பார்வையில்

| வழி | எவ்வளவு முன்னதாக | எவ்வளவு சிறிய இடம் | தவறும் பக்கம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| கணினிக் கணிப்பு | 1–3 நாள் | வட்டார அளவு | மழை நேரத்தைச் சீக்கிரமாகச் சொல்லும் | சதவீதத்தை நம்பி ஏமாறுவது |
| மாவட்ட எச்சரிக்கை | 1–5 நாள் | மாவட்டம் | வராத மழைக்கும் வரும் | அலுப்பு |
| உடனடி எச்சரிக்கை | 3 மணி வரை | மாவட்டம் | வராத மழைக்கும் வரும் | எல்லையோர ஊர்க் குழப்பம் |
| ரேடார் | 30 நிமிடம்–2½ மணி | சில கி.மீ. | தலைக்கு மேல் பிறக்கும் மேகத்தைத் தவறவிடும் | முழுநேரம் ஒரு ஆள் |
| செயற்கைக்கோள் | 1–2 மணி | பரவலாக | மழை இல்லாத மேகத்தைக் காட்டும் | படிக்கப் பழக்கம் வேண்டும் |
| மின்னல் செயலி | சில நிமிடம் | 20–40 கி.மீ. | முதல் மின்னலைச் சொல்லாது | சிக்னல் |
| ஈரப்பதமானியும் வானமும் | 1–3 மணி | உங்கள் ஊர் | இரவு மழையைத் தவறவிடும் | கருவியைச் சரியான இடத்தில் வைப்பது |

## வேலைக்கு ஏற்ற தேர்வு

ஓடு மாற்ற: முந்தின இரவு 850 மட்டத்துக் காற்று, மதியம் இரண்டிலிருந்து ரேடார். இரண்டும் சரி என்றாலும் ஒரு தார்ப்பாய் மூடும் அளவுக்கு மேல் பிரிக்க வேண்டாம். 24க்கு 18 அடித் தார்ப்பாயில் நான்கு பக்கமும் இரண்டு அடி மடிப்பு விட்டால் மிஞ்சுவது 20க்கு 14, அதாவது 280 சதுர அடி. மடிப்பு விடாமல் விளிம்போடு விளிம்பு வைத்தால் தண்ணீர் கைமரம் வழியாக உள்ளே இறங்கும். தார்ப்பாயை மோட்டுவளையின் மேல் போட்டு, ஒரு ஓரத்தைக் காலையிலேயே கட்டிச் சுருட்டி வையுங்கள். காற்று வந்த பிறகு விரித்தால் ஆளையே தூக்கும்.

தளம் போட: இதில் ரேடாருக்கு வேலை குறைவு, கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்த முடியாது. முந்தின நாள் முடிவுதான். காலை ஆறுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்தால் நான்கு மணி மழைக்குள் ஐந்து மணி நேரம் கிடைத்துவிடும், மேற்பரப்புச் சிமெண்டுப் பால் கழுவிப்போகாது. ஒன்பதுக்குத்தான் கலவை எந்திரம் வரும் என்றால், மேல்காற்று தளர்ந்த நாளில் ஒத்திப்போடுவது நல்லது.

கடலை, வற்றல், நெல் காயப்போட: வாசலில் உள்ள கருவியும் மேற்கு வானமும் போதும். அரை மணியில் குவித்து மூடக்கூடியதற்கு மாவட்ட எச்சரிக்கையைப் பார்த்துக் காயவைப்பதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பந்தல், கோயில் விழா: உடனடி எச்சரிக்கையில் சொல்லும் காற்று வேகமும் மின்னல் செயலியும். மழைக்கு முன் பத்து நிமிடக் காற்றுதான் ஆபத்து. சமையல் கொட்டகைத் தகரமே முதலில் பறக்கும், அதை மேற்குப் பக்கம் வைக்காதீர்கள்.

இரவு மழைக்கு மட்டும் இதில் எதுவும் முழுதாக உதவாது. ஒன்பது மணிக்கு வானம் வெறிச்சென்றிருந்தாலும், மேற்கே அடிவானத்தில் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தால் ரேடாரை இன்னொரு முறை திறந்து பாருங்கள். மழை இல்லை என்று படம் சொன்னாலும் மறுநாள் காலை வரை தார்ப்பாய் கூரை மேலேயே கிடக்கட்டும்.